குதிக்கிற பொம்மை

திருச்செங்கோட்டு வீட்டில் தனப்பிரியாவும் மாமியார் சௌந்திரமும் மட்டும்தான். கணவன் ஆனந்தகுமார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் போனால் திரும்ப மாதக்கணக்காகும். சேலத்தில் ஒரு கணினி நிறுவனம் தனப்பிரியாவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. "அவன் வரட்டும் சாமி, பேசிக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள் சௌந்திரம். கடைக்குக்கூடத் தனியே அனுப்பவில்லை.

பொழுது நகராமல், பிறந்த வீட்டிலிருந்து தன் பழைய வீடியோ கேமை வரவழைத்து ஹாலில் இருந்த பெரிய டிவியில் மாட்டினாள். குதிக்கிற பொம்மை நசுங்கி அகலமாகத் தெரிந்தது. எழுத்துகள் மங்கின, சிவப்பு நிறம் கசிந்தது. பொத்தானை அழுத்திய பிறகு சற்றுத் தாமதித்தே பொம்மை எழும்பியதால் ஒவ்வொரு தடவையும் குழிக்குள் விழுந்தது.

டிவி அமைப்புகளைத் துருவினாள். படத்தை இழுத்து அகலமாக்குவதை நிறுத்தியதும் பொம்மை ஒல்லியானது. கேம் மோடைப் போட்டதும் தாமதம் குறைந்தது. மங்கல் மட்டும் போகவில்லை. பழைய கேம் படத்தைப் புது டிவிக்கு ஏற்றபடி பெருக்கித் தரும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டுமென்று கணவனிடம் போனில் கேட்டாள். வேலை விஷயத்தில் மழுப்புகிறவன் இதற்கு உடனே ஆர்டர் போட்டான்.

பெட்டியை மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது. சௌந்திரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அட, என்னமா தெரியுது! இனி ஊட்டுலயே பொழுது போயிரும். வேலைக்கின்னு எதுக்குக் கண்ணு அலையோணும்?"

தனப்பிரியாவின் விரல்கள் நின்றன. இதற்காகவா இத்தனை நாள் மெனக்கெட்டோம் என்று தோன்றியது. அப்போது ஆனந்தகுமார் அழைத்தான்.

"படம் நல்லா வருதா?"

"வருதுங்க. ஏனுங்க, சேலத்து வேலைக்கு வாரேன்னு சொல்லிப்போடறேன்."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேக்கலைங்க. உங்ககிட்டயும் கேக்கலை. சொல்றேன்."

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். சௌந்திரம் எழுந்து டிவியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் சத்தமாக உருண்டன.

தனப்பிரியா நிறுவனத்துக்குச் சம்மதம் எழுதி அனுப்பினாள். அன்று முழுக்கச் சௌந்திரம் அவளோடு பேசவில்லை.