இருபது விநாடிப் பாரம்பரியம்

ஓயாங் ருய்யை முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம், பிடிக்காமல் போவதற்கு அவனிடம் ஒரு காரணமும் கிடைக்காததுதான். உயரமாக இருந்தான். காலுறை நாறவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து ஆறு வருடம் பாஸ்டனில் வளர்ந்துவிட்டு ஷியானுக்குத் திரும்பியவன், அறையில் இருந்த மூன்று பேருக்கும் சாக்லேட் கொண்டுவந்திருந்தான். மற்ற இரண்டு பேரும் தின்றார்கள். நானும் தின்றேன், ஆனால் மனம் ஒப்பாமல்.

விடுதியில் வயதுப்படிதான் எண். அறையில் நான் மூன்றாவது, அவன் நான்காவது. அவனைவிட இரண்டு மாதம் முன்னால் பிறந்த குற்றத்துக்காக என்னை "மூணாவதண்ணே" என்று கூப்பிடத் தொடங்கினான். சூ போலின் என்று அம்மா யோசித்து வைத்த பெயரை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது.

எங்கள் இசைக் கல்லூரியில் அந்த வசந்தத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. ஷாங்காயிலிருந்து ஓர் இசை நிறுவனம் மாணவர்களின் பாட்டுகளில் ஒன்றை, ஒரே ஒன்றை, எடுத்து வெளியிடப் போகிறது. மெட்டு முழுக்கச் சொந்தமாக இருக்க வேண்டும், பழைய நாட்டுப்புற மெட்டுக்கு இடமில்லை. இசை என்ற இடத்தில் ஓர் ஆள் ஒரு பாட்டில்தான் பெயர் போடலாம். அறிவிப்புப் பலகையின் முன் நின்று நான் படித்தது ஒரே வரியைத்தான், அதுவும் அதில் இல்லாத வரி: இசை, சூ போலின்.

என் பாட்டு தயாராக இருந்தது. சின்தசைசர், கனமான டிரம், பல்லவியில் ஆங்கிலத்தில் பதினொரு தடவை பேபி. இதில் எங்கேயும் எர்ஹு கிடையாது. பியானோ எங்கள் வீட்டு வாசலில் நுழையாது என்பதால் ஆறு வயதில் என் மடியில் வைக்கப்பட்டது அந்த இரண்டு தந்தி வாத்தியம். பத்தாம் படித் தேர்வு வரை தேய்த்தேன். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தக் கல்லூரிக்கே வந்தேன். எர்ஹு வாசித்துத்தான் இடம் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

போட்டிக்கு முன்னால் வகுப்பில் எல்லோரும் போட்டுக் காட்டினோம். நாட்டுப்புற இசைப் பேராசிரியர் கெங் என் பாட்டை முழுவதும் கேட்டுவிட்டுத் தேநீர்ப் புட்டியின் மூடியைத் திருகினார்.

"போலின், இதுல நம்ம மண்ணு எங்கப்பா?"

"நான் பொறந்ததே இந்த ஊர்லதான் சார்."

"அது பாட்டுல கேக்கலையே."

அடுத்து ருய். கூடைப்பந்து ஷூவுக்கு மேலே கணுக்கால் வரை தொங்கும் பட்டு அங்கி போட்டு வந்திருந்தான். அமெரிக்கத் தாளம், அதன் மேல் குழைந்து குழைந்து போகும் குரல், வரிகளில் நிலா நான்கு முறை, தூரிகை மை இரண்டு முறை, மழையில் ஒரு குடை. அவன் உச்சரிப்பில் நிலா கொஞ்சம் விமானத்தில் வந்து இறங்கியதுபோல இருந்தது. கெங் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பாத்தீங்களா? அவ்வளவு தூரம் போயும் வேரைத் தேடித் திரும்பி வந்திருக்கான்."

நான் வேரைத் தொலைத்ததே இல்லை. அதனால் கண்டுபிடித்ததற்கான பாராட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த நிலாவையும் குடையையும் எழுதியவள் மியாவ் டிங். என் பாட்டுக்கு வரி எழுதியவளும் அவள்தான். கல்லூரி உணவுக்கூடத்தில் குளிர்ந்த நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்கு மட்டும் ஏன் நிலா எழுதல?"

"நீ கேட்டது பேபி."

"நீயா நாலு நிலா போட்டிருக்கலாம்ல?"

"பேபி பதினொண்ணு இருக்கு. நிலாவை எங்க நிறுத்தறது?" வெள்ளரிக்காய்த் துண்டுகளை என் தட்டிலிருந்து தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டாள். "அவனைப் பாத்தா உனக்கு வயிறு எரியுது. நூடுல்ஸ்ல மிளகாய் எண்ணெயைக் கொறச்சுக்க."

அன்று பிற்பகல் ருய் என் கட்டிலின் ஏணியில் கைவைத்து நின்றான்.

"மூணாவதண்ணே, பாட்டு நடுவுல இருபது செகண்ட் காலியா இருக்கு. எர்ஹு வாசிச்சுத் தர்றியாண்ணே? நீ என்ன வாசிச்சாலும் சரி."

என்ன வாசித்தாலும் சரி என்று என்னிடம் சொல்வது புத்திசாலித்தனம் இல்லை. சம்மதித்தேன்.

பயிற்சி அறையில் அவன் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, எதை வாசித்தால் இந்தப் பாட்டு உருப்படாமல் போகும் என்று யோசித்தேன். ஜன்னலுக்குக் கீழே பழைய சாமான் வாங்குபவரின் மூன்று சக்கர வண்டி போனது. அதன் ஒலிபெருக்கியில் தினமும் ஓடும் அதே பதிவு: பழைய ஃபிரிட்ஜ், பழைய வாஷிங் மெஷின், பழைய டிவி. ஃபிரிட்ஜில் ஏறி, மெஷினில் தடுக்கி, டிவியில் சரிந்து விழும் குரல். பேட்டரி தீரும் நிலையில் இருந்ததால் கடைசியில் ஓர் இழுவை. அப்படியே வாசித்தேன். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மேம்பாலத்துக்கு அடியில் தகரக் குவளை வைத்துக்கொண்டு வாசிப்பவர்களைவிட அதிகமாக வழுக்கவிட்டேன். மூன்றாவது ஸ்வரத்தில் நான் வழுக்கிய வழுக்கலில் எனக்கே கூச்சமாக இருந்தது.

ருய் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. நான்கு முறை கேட்டான்.

"அண்ணே, அழுகை வருது."

"எனக்கும்" என்றேன்.

போட்டி நாளில் கெங் சாரும், நிறுவனத்திலிருந்து ஷாவ் என்ற பெண்மணியும் நடுவர்களாக உட்கார்ந்தார்கள். ஷாவ் மேடத்துக்குக் கறுப்பு உடை, கறுப்புக் காலணி. கையில் இருந்த போனை அவர் விடவே இல்லை. முதல் ஒன்பது பாட்டுகளும் அந்தப் போனுக்கு மேலேதான் ஓடின. ருய்யின் பாட்டில் எர்ஹு வந்ததும் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். பாட்டு முடியும்வரை நிமிர்த்தவில்லை.

"இந்த எர்ஹு மெட்டு யாரோடது?"

"எங்க ரூம் மூணாவதண்ணன் போட்டது மேடம்" என்றான் ருய். "என் பேருக்குப் பக்கத்துலயே அவர் பேரையும் ஃபார்ம்ல எழுதிட்டேன்."

எனக்கு அது புதிய செய்தி. கெங் சார் விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"சூ போலின். ஆமா, இருக்கு. அப்போ போலின், உன் சொந்தப் பாட்டை இனிமே கேக்க முடியாதேப்பா. ஓர் ஆளுக்கு ஒரு பாட்டுதான்."

ருய்யின் முகம் வெளுத்தது. "அய்யோ அண்ணே, அதை நான் யோசிக்கவே இல்ல."

அவன் யோசிக்கவில்லைதான். அவன் நல்லவன். இதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது எழுத்தில் வராது.

மெட்டு என்னுடையது என்றால் அவன் பாட்டின் ஓரத்தில் என் பெயர் ஒட்டிக்கொள்ளும், என் பாட்டு போகும். இல்லை என்றால் என் பாட்டு பிழைக்கும். பழைய மெட்டு என்றால் என் பாட்டும் பிழைக்கும், அவன் பாட்டும் சாகும். இவ்வளவு வேகமாக நான் கணக்குத் தேர்விலும் யோசித்ததில்லை.

"அது என் மெட்டு இல்ல சார். பழசு."

"பழசா? எந்த ஊரு?"

"வடக்கே. மஞ்சள் ஆத்தங்கரைப் பக்கம்."

ருய் என்னைப் பார்த்தான். நான் கெங் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ சொல்லாட்டியும் தெரியும்பா. முதல் ஸ்வரத்துலயே தெரிஞ்சுபோச்சு. எண்பத்தாறுல அங்க பாட்டு சேகரிக்கப் போயிருந்தேன். குகை வீட்டு வாசல்ல ஒரு பெரியவர். பார்வை கிடையாது. இதைத்தான் வாசிச்சார்."

பெரியவர் பழைய ஃபிரிட்ஜ் ஏதாவது வாங்கிக்கொண்டிருந்தாரா என்று நான் கேட்கவில்லை.

"சார், விதிப்படி பழைய மெட்டுக்கு இடமில்ல" என்று பணிவாக நினைவுபடுத்தினேன்.

"விதியை எழுதினது நாங்கதானே தம்பி" என்றார் ஷாவ். போனை எடுத்து யாருக்கோ பேசத் தொடங்கியிருந்தார். "கேக்குதா? கெடச்சுடுச்சு. நிஜமான பழசு. மேல அமெரிக்கா, உள்ள மஞ்சள் மண்ணு. ஆமா, பேராசிரியரே சாட்சி."

அதற்குப் பிறகு என் பாட்டையும் போட்டார்கள், நடைமுறைக்காக. ஷாவ் மேடம் கருத்தே இல்லாத ஒரு புன்னகையுடன் கேட்டார்.

"சுத்தமா இருக்கு" என்றார். "விமான நிலையத்துல போடலாம்."

மூன்றாம் நாள் மியாவ் டிங் உணவுக்கூட வரிசையில் என் பின்னால் வந்து நின்றாள்.

"அது ஃபிரிட்ஜ்காரர் குரல்தானே?"

நான் தட்டோடு வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தேன். அவளும் நகர்ந்தாள்.

"அந்த வண்டி என் ஜன்னலுக்குக் கீழயும்தான் தினமும் போகுது. வாஷிங் மெஷின் வர்ற இடத்துலயே புடிச்சுட்டேன். போய்ச் சொல்லிடு."

"பழசுன்னுதானே எடுத்தாங்க. சொன்னா ருய் பாட்டு போயிடும்."

"அதுக்காகவா சும்மா இருக்க?"

அதுக்காகத்தான் கிளம்பினேன். ஆனால் கெங் சாரின் அறைக்குப் போகும் வழியில் வேறொன்று மனதில் ஏறிக்கொண்டது. ஊரே கண்கலங்கும் இருபது விநாடியை நான் போட்டிருக்கிறேன், அது எவனோ ஒரு குருட்டுக் கிழவன் பெயரில் போகிறது. ருய்மேல் எரிந்த வயிற்றில் பாதி இப்போது அந்தக் கிழவனுக்காக எரிந்தது. ஆள் பிறக்கவே இல்லை, அதற்குள் என்னைவிடப் புகழ்.

கெங் சார் மேசையில் ஒரு கட்டுரை பாதியில் இருந்தது. தலைப்பில் என் இருபது விநாடிக்கு முந்நூறு வயது.

"சார், அது நான் போட்ட மெட்டு. போட்டியில பொய் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தேநீர் ஊற்றினார்.

"உன் பாட்டைக் கேட்டேனேப்பா" என்றார், ஆறுதலாக. "இந்த மாதிரி ஒரு மெட்டு வரணும்னா மூணு தலைமுறை பட்டினி கெடக்கணும். மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"ரொட்டிக்குள்ள கறி வச்சது."

"எத்தனை?"

"ரெண்டு."

"பாரு."

கீழே ஒலிபெருக்கி பழைய ஃபிரிட்ஜ் என்று ஏறி, மெஷினில் தடுக்கி, டிவியில் சரிந்தது. கெங் சார் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"இந்தச் சத்தத்துல மனுஷன் எப்படிப்பா ஆராய்ச்சி பண்றது?"

அடுத்த மாதம் நகரத்தின் தென்பக்கத்தில் இருந்த ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. எர்ஹு நான்தான் வாசிக்க வேண்டும் என்று ருய் பிடிவாதமாகச் சொல்லி அழைத்துப் போயிருந்தான். பாரம்பரிய ஆலோசகராகக் கெங் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். முதல் முறை வாசித்தேன். அவர் குரல் ஹெட்ஃபோனில் வந்தது.

"அந்த மூணாவது ஸ்வரம். அங்க வழுக்கற பாரு, அதுல வெளிநாட்டு வாடை அடிக்குது."

மறுபடி வாசித்தேன். மறுபடி அடித்தது. ஐந்தாவது முறை எனக்கே அடிப்பதுபோல இருந்தது.

"சார், முதல்ல வாசிச்சதே எங்கண்ணன்தான்" என்றான் ருய்.

"வாசிச்சான்பா. கேட்டு வாசிச்சான். ஊறிப்போய் வாசிக்கலையே."

எர்ஹு துறையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். கெங் சார் ஸ்வரங்களுக்குப் பதில் எண்கள் போட்டு எழுதிக் கொடுத்த மெட்டை ஸ்டாண்டில் வைத்து ஒரே முறையில் வாசித்தாள். என்னைவிட நன்றாக இருந்தது. மூன்றாவது ஸ்வரத்தில் அவள் கொஞ்சம்கூட வழுக்கவில்லை, ஆனாலும் அங்கேதான் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அவள்மேலும் எரிவதற்கு வயிற்றில் இடம் தேடினேன்.

ஷாவ் மேடம் ஒரு தாளுடன் வந்தார். வெளியீட்டில் அச்சாகப் போகும் பெயர்கள். இசை, ஓயாங் ருய். வரிகள், மியாவ் டிங். எர்ஹு மெட்டு, மஞ்சள் ஆற்றங்கரை மக்கள். சேகரித்தவர், பேராசிரியர் கெங். எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு அளவு எழுத்தில், மெட்டு பழமையானது என்று உறுதி கூறுபவர், சூ போலின்.

"இங்க ஒரு கையெழுத்து வேணும் தம்பி. இது உங்க சொந்த மெட்டு இல்லன்னு. சட்டத்துக்காகத்தான்."

ருய் என் தோள்மேல் கைபோட்டுக் குனிந்து தாளைப் பார்த்தான். அவன் முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது.

"அண்ணே, உன் பேரும் வந்துடுச்சு பாரு."

வந்துவிட்டதுதான். பேனாவைக் கேட்டு வாங்கினேன். அச்செழுத்தின் அளவு என் கையில் இல்லை என்பதால், கையெழுத்தை மட்டும் கெங் சாரின் பெயரையும் தாண்டிப் போகுமளவுக்குப் பெரிதாகப் போட்டேன்.