சொந்தக் கையால்

மயில்சாமிக்கு வர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். எட்டு மாதம் ஐசலின் ஊரிலிருந்து கடலோரத்துக்கு வேன் ஓட்டி வந்து, நூற்று முப்பது வருஷத்து விக்டோரியன் வீட்டின் மாடிப்படிக் கைப்பிடியில் ஏழு பூச்சுப் பெயிண்டைச் சுரண்டி, கறையான் தின்ற கால்களுக்குப் பதிலாக நாற்பத்தொரு புதுக் கால்களைக் கடைந்து நிறுத்திய கூலியின் மிச்சம். நாலு மாதமாக அவன் போனை எடுக்காத வீட்டுக்காரர் சுவாமிநாதன் நேற்று தானாகவே கூப்பிட்டார். வீடு விருந்தினர் விடுதியாகத் திறக்கிறது. தச்சு கழிக்காமல் பால் காய்ச்சக் கூடாது என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார். வேலை செய்த தச்சன் பூசணிக்காய் உடைத்து ஒப்படைக்கும்வரை வீடு தச்சனுடையது. அது பழைய வழக்கம்.

சுவாமிநாதனின் மனைவி விஷாகா, தச்சு கழியும்வரை உள்ளே வராமல், பால் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றாள். நிலைப்படியோரம் பூசணிக்காய் இருந்தது. முன்கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வீட்டின் வரலாறு தொங்கியது. நாற்பது வயதுக்கு மேல் நூலக வகுப்பில் ஆங்கில எழுத்துக் கூட்டக் கற்றவன் மயில்சாமி. மெதுவாகப் படித்தான். ஒரு டாக்டர் கட்டியது. பிறகு ஆலைத் தொழிலாளிகள் வாடகைக்குத் தங்கியது. பிறகு கூரை சரிந்து புறா அடைந்தது. கடைசி வரி: சுவாமிநாதன், விஷாகா தம்பதி சொந்தக் கையால் புதுப்பித்தது.

"ஏனுங்க, எந்தக் கையிங்க?"

சுவாமிநாதன் சிரித்தார். "மார்க்கெட்டிங்ப்பா. பர்மிட்லயே ஓனர்தான் வேலை செய்றார்னு போட்டிருக்கேன். உன் பேரைப் போட்டா லைசென்ஸ் கேப்பான். இருக்கா உன்கிட்ட?"

"லைசென்ஸ் இல்லீங்க. பாக்கி இருக்குதுங்க."

"எந்தப் பேப்பர்ல இருக்கு? காட்டு பாப்போம்." பத்து நூறு டாலர் நோட்டுகளை மேஜையில் போட்டார். "ஆயிரம். உடைச்சுட்டுக் கெளம்பு. கெஸ்ட் வர்ற நேரம்."

"மயில்சாமி, ப்ளீஸ். நல்ல நாளும் அதுவுமா..." என்றாள் விஷாகா.

"புள்ளைக்குக் காலேஜ் பீஸு வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கறனுங்கம்மா. எனக்கு மட்டும் என்ன, கெட்ட நாளா?"

நோட்டுகளை எடுத்தான். ஒரு மாச வட்டிக்குப் போதும். உடைத்துவிட்டுப் போனால் வீடு அவர்களுடையது. சட்டத்துக்குள் இருப்பதும் உண்மையாகிவிடும். நோட்டுகளைத் திரும்ப வைத்தான். பக்கத்தில் விருந்தினர் கருத்தெழுதும் புதுப் புத்தகம் திறந்திருந்தது. முதல் பக்கத்தில், உளி பிடிப்பதுபோல் பேனாவை அழுத்திப் பிடித்துத் தமிழில் எழுதினான்:

'இந்த வீட்டு மரவேலை எல்லாம் என் கை. கூலி பாக்கி 6840 டாலர். அதை விட்டுவிட்டேன். வீட்டை ஒப்படைக்கவில்லை. மயில்சாமி, காங்கேயம்.'

"என்ன திமிர்டா உனக்கு!" சுவாமிநாதன் பக்கத்தைக் கிழிக்கப் பாய்ந்தார். அதற்குள் பெட்டியை இழுத்தபடி நரைத்த தலை அமெரிக்கப் பெண்மணி ஒருத்தி விஷாகாவைக் கடந்து உள்ளே வந்துவிட்டாள். நேராகப் புத்தகத்தின் மேல் குனிந்தாள்.

"எவ்வளவு அழகான எழுத்து! வாழ்த்தா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கிழிக்கப் போன கை பக்கத்தின் ஓரத்திலேயே நின்றது.

வெளியே மயில்சாமியின் வேன் கிளம்பியது. அந்தப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். பால் பாத்திரத்தோடு இன்னும் வாசலிலேயே நிற்கும் விஷாகாவைக் கண்டு, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"கம் இன், டியர்."

விஷாகா நிலைப்படியோரம் உடைபடாமல் கிடந்த பூசணிக்காயைப் பார்த்தாள். கால் எழவில்லை.