நான்காவது பாட்டு

காவல் நிலையத்தில் கொடுத்த படிவத்தில் ஏழாவது கேள்வி 'நிகழ்ச்சியில் இடம்பெறும் பாடல்கள்' என்பது. பலராமன் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

"பாட்டு லிஸ்ட் இல்லாம மைக் பர்மிஷன் தர முடியாதுங்க," என்றார் ஏட்டு அர்ஜுனன். "போன மாசம் ஒரு ஆர்கெஸ்ட்ராவுல ஏதோ பாட்டு போட்டு, ரெண்டு கோஷ்டி சேரைத் தூக்கிக்கிச்சு. லிஸ்ட்ல இருக்கறதை மட்டும்தான் வாசிக்கணும். மாறிச்சுன்னா அங்கயே ஆஃப் பண்ணிடுவோம்."

பலராமனுக்கு அறுபத்தெட்டு வயது. கீழ்பென்னாத்தூர் விவசாயக் குடும்பம். கல்யாண பேண்டு செட்டில் சாக்ஸபோன் கற்று, சென்னை ஓட்டல்களில் வாசித்து, முப்பது வயதில் பெர்லின் போய், அங்கே ஃப்ரீ ஜாஸ் வாசிப்பவர்களோடு சேர்ந்துகொண்டவர். அந்த இசையில் முன்கூட்டியே தீர்மானித்த மெட்டு கிடையாது. ஒருவர் ஊதுவதைக் கேட்டு மற்றவர் அந்தக் கணத்தில் பதில் சொல்ல வேண்டும். அப்படி வாசித்தே இருபது நாடுகள் சுற்றிவிட்டார். ஊருக்கு வந்தால் மட்டும் யாராவது ஒரு கல்யாணத்தில் சினிமாப் பாட்டு கேட்பார்கள். அதையும் மறுக்காமல் வாசிப்பார். தன் சொந்த இசையை ஊர்க்காரர்கள் முன்னால் அவர் வாசித்ததே இல்லை. இப்போது ஊர்ப்பக்கமே திரும்பி வேங்கிக்காலில் குடியேறிவிட்டார். அங்கே குடியிருப்பு மைதானத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முறை.

"என்ன வாசிப்பேன்னு எனக்கே தெரியாதுங்களே," என்றார்.

ஏட்டு பேனாவை மூடினார். "உங்களுக்கே தெரியாததுக்கு நான் எப்படிங்க பர்மிஷன் தர்றது?"

கூட வந்திருந்த தங்கை மகள் கவிநிலா அவர் கையைக் கிள்ளினாள். "எதையாவது எழுதுங்க மாமா. பேர்தானே."

சின்ன வயதில் நிலக்கடலை பறிக்கிற கொல்லையிலும் பம்புசெட் கொட்டகையிலும் கேட்ட சத்தங்கள் நினைவுக்கு வர, நான்கு வரி எழுதினார். மல்லாட்டை ஆயுறது. ஏழு மணி பஸ். மோட்டார் கொட்டாய். மழை.

"சினிமா பாட்டுங்களா?"

"இல்லைங்க. சொந்தமா போட்டது."

ஏட்டு முத்திரை குத்தினார்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எழுபது பேர் வந்திருந்தார்கள். மேடையில் பலராமனுக்குப் பக்கத்தில் பம்பை மேளத்தோடு சடையன். பேண்டு செட் காலத்துக் கூட்டாளி.

"எழுதிக் குடுத்தியாமே, அதை எப்பிட்றா வாசிக்கப் போற?"

"அது சும்மா எழுதினது."

"அப்ப சரி."

ஏட்டு அர்ஜுனன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்துத் தொடையில் விரித்து, பேனாவைத் திறந்தார்.

கவிநிலா மேடையோரம் வந்து கிசுகிசுத்தாள். "ஒவ்வொண்ணா டிக் அடிக்கப் போறாராம் மாமா."

முதல் ஐந்து நிமிடம் பலராமனின் கண் அந்தப் பேனாவை விட்டு நகரவில்லை. ஊதியது அவருக்கே பிடிக்கவில்லை.

"ஏட்டுக்கா வாசிக்கற?" என்றார் சடையன், பம்பையிலிருந்து கை எடுக்காமல்.

பலராமன் கண்ணை மூடிக்கொண்டார். சாக்ஸபோன் அடித்தொண்டையில் உறுமியது, கிறீச்சிட்டது, நடுவில் இருமியது. சடையன் பம்பை அதைத் துரத்திப் பிடித்து, முந்திப் போய், திரும்பி நின்று வம்புக்கு இழுத்தது.

"எப்ப பாட்டு ஆரம்பிப்பாங்க?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார்.

"செட் பண்ணிட்டிருக்காங்க போல. கொஞ்சம் பொறுங்க."

பத்து நிமிடம் கழித்து அந்தப் பெரியவர் மறுபடி கேட்கவில்லை. அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் போயிற்று. பலராமன் வாத்தியத்தை இறக்கிக் கண்ணைத் திறந்தபோது, கைதட்டலுக்கு நடுவே ஏட்டு எழுந்து மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். மைக் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற கவிநிலா அதைக் கையால் மறைத்தாள்.

"மூணுதாங்க ஆச்சு," என்றார் ஏட்டு. தாளைக் காட்டினார். மூன்று டிக். "மல்லாட்டை வந்துச்சு. பஸ்ஸும் வந்துச்சு, கியர் மாத்தறதுலயே தெரிஞ்சுது. மோட்டார் எங்க கொட்டாய் மோட்டாரேதான். தண்ணி ஏறாம அடிச்சுக்கும் பாருங்க, அப்பிடியே. மழைதான் வரல."

"ஆமாங்க, மழை வரல," என்றார் பின்வரிசைப் பெரியவர்.

சடையன் பம்பை மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

"லிஸ்ட்ல குடுத்துட்டு வாசிக்காம போனா, நான் ஸ்டேஷன்ல என்னங்க எழுதறது?"

பலராமன் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். ஏட்டு அதற்குள் நாற்காலிக்குத் திரும்பி, பேனாவோடு காத்திருந்தார். எந்த ஊரிலும் இவ்வளவு உரிமையோடு அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அவர் சாக்ஸபோனை வாயில் வைத்தார், ஆனால் ஊதவில்லை. விரல்கள் மட்டும் அதன் பொத்தான்களைத் தட்டின. டப். டப். இடைவெளி விட்டு இன்னொன்று. மைக் அதை எடுத்து மைதானம் முழுக்கத் தூவியது. சடையன் விரல் நுனியால் சேர்ந்துகொண்டார். தட்டல் நெருங்கி நெருங்கி வந்து, இடைவெளி தெரியாமல் கலந்த பிறகுதான் பலராமன் மூச்சைச் செலுத்தினார். முதலில் வெறும் காற்று, அப்புறம் ஒரே நீண்ட ஒலி.

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "மாடியில மல்லாட்டை காயுதுடி," என்றாள்.

ஏட்டு அர்ஜுனன் தாளை நாலாக மடித்தார். அதைத் தொப்பிக்குள் பத்திரமாக வைத்து, தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.