சாப்பாட்டு மேசையில் ஒரு டிரைவிங் கிளாஸ்

ஊரடங்கு வந்ததும் டிரைவிங் மாஸ்டர் கை ஒடிந்தவர் போல ஆகிவிட்டார். சரியாகச் சொன்னால், கால் ஒடிந்தவர் போல. கார் கற்க வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நேரம் பார்த்து மிதிப்பதுதான் அவர் தொழில். பேச்சு அதிகம் தேவைப்பட்டதில்லை. பயிற்சிப் பள்ளி முதலாளியோ போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "வீட்லேருந்தே வீடியோவுல பாடம் எடுங்க மாஸ்டர். ஸ்டூடண்ட்ஸ் ஓடிப்போகாம இருந்தா உங்க வேலையும் ஓடிப்போகாது."

சாப்பாட்டு மேசையில் முதல் வகுப்பு. சமையலறை வாசலில் நின்று தட்டைத் துடைத்தபடி மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளட்ச்னா... அதை மிதிக்கணும். அப்புறம் விடணும்" என்றார் மாஸ்டர். அதற்குமேல் சரக்கு இல்லை. திரையில் கொட்டாவிகள். ஒரு முகம் அணைந்தது. இன்னொன்றும் அணைந்தது.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். தட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதை ஸ்டியரிங் போலப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லிக் கொடுங்க."

"ஏய், கிளாஸ் நடக்குது. உள்ள போ."

"எங்க நடக்குது? படுத்துல்ல தூங்குது!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு அவர் தட்டிக்கழித்த விஷயம் இது. கட்டினவளுக்கு வண்டி கற்றுக்கொடுத்தால் வீடு இரண்டாகிவிடும் என்பது அவர் சித்தாந்தம். ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"சரி, கிளட்சை மிதி. கியரைப் போடு. மெதுவா விடு... மெதுவான்னா காதுல விழல? குறுக்க ஆள் வர்றான் பாரு!" மேசைக்கடியில் அவர் கால் தரையை ஓங்கி மிதித்தது. "வண்டி நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சு?"

"நீங்க போட்ட சத்தத்துலதான்."

திரை முழுக்கச் சிரிப்பு. மாணவிகளில் ஒருத்தி நர்ஸ், அவள் கேட்டேவிட்டாள்: "சார், எங்களையெல்லாம் வாங்க, போங்கன்னு பேசறீங்க. அக்காவை மட்டும் ஏன் விரட்டறீங்க?"

"அவ என் பொண்டாட்டிம்மா."

"இந்த நாற்காலியில நானும் ஸ்டூடண்ட்" என்று மனைவி தட்டைக் கீழே வைத்தாள். "மரியாதை குடுத்தா வண்டி எடுப்பேன். இல்லேன்னா எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

மாஸ்டர் திரையைப் பார்த்தார். போன முகங்களில் ஒன்று திரும்பி வந்திருந்தது.

"கிளட்சை... மிதிங்க."

கைதட்டல் பறந்தது. அன்று அவள் அந்த நாற்காலியிலேயே நெரிசல் தெருவைக் கடந்தாள், மேடு ஏறினாள், ஒரு பால் வண்டியை இடித்தாள். ஒவ்வொரு தவறுக்கும் அவர் காரணம் சொன்னார். அவருக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது அவளுக்கே புதிது.

மாலையில் முதலாளி அழைத்தார். "ஒருத்தரும் விலகலை மாஸ்டர். நாளைக்கும் அக்கா வருவாங்களான்னுதான் கேக்கறாங்க."

மாஸ்டர் போனைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வருவியா?"

உள்ளே பாத்திரம் மட்டும் உருண்டது.

தொண்டையைச் செருமினார். "வருவீங்களா?"

"நிஜக் கார்லயும் சொல்லிக் கொடுப்பீங்கன்னா வருவேன்."

"கொடுக்கறேன்... ங்க."

அவர் இருந்தவரைக்கும் அந்த 'ங்க' போகவே இல்லை. சாலையில் அவள் ஓட்டும்போது கோபம் தலைக்கேறினால்கூட, "உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்குதாங்க?" என்றுதான் கத்துவார்.