ஒரு நாள் சலுகை

விதியைப் போட்டவள் நான். எங்கள் ஆன்லைன் விளையாட்டில் ஆளுக்கொரு தீவு. முந்நூற்று அறுபத்தைந்து நாள் விடாமல் வந்தால் தீவில் கலங்கரை விளக்கம் எழும்பும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். கல்நெஞ்சுக்காரி என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே. நினைத்தபோது எட்டிப் பார்க்கிறவனுக்கும் தினமும் வந்து நிற்கிறவனுக்கும் ஒரே மரியாதை என்றால், வந்து நின்றவன் என்ன இளிச்சவாயனா?

மேலாளர் வேறு கட்சி. யாரிடமும் கெட்ட பெயர் எடுக்க மாட்டார். அதனால் அவருக்குச் 'சமரசம்' என்று பெயர் வைத்திருந்தோம். "அப்பப்ப வர்றவங்களும் நம்ம ஆளுங்கதானேம்மா. ஒரு நாள் விட்டா பரவால்லன்னு வைப்போமே" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பிடிகொடுக்கவில்லை.

மாலை ஐந்தே முக்காலுக்கு அத்தான் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். மறுநாள் நடக்க வேண்டிய அக்காவின் அறுவை சிகிச்சையை அன்று மதியத்துக்கே மாற்றிவிட்டார்களாம்.

"இன்னும் வெளிய கொண்டுவரலம்மா. உள்ள போறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. இன்னிக்கு தீவுக்குப் போகலயாம், உன்கிட்ட சொல்லணுமாம். அவ ஃபோனு அவ விரல் வெச்சாத்தான் தெறக்குது, நான் என்ன பண்ணட்டும்?"

அன்று அக்காவுக்கு முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய நாட்களில் ஒரு கையில் வாந்திக் கிண்ணமும் மறு கையில் ஃபோனுமாக வந்தவள். "அந்த வெளக்கப் பாத்துட்டா பொழச்சுக்குவேன்னு தோணுதுடி" என்று சொல்லியிருந்தாள்.

விளையாட்டில் ஆறு மணிக்கு நாள் முடிந்துவிடும். அவள் கணக்கில் மட்டும் கைவைத்தால் என் வேலை போகும். எல்லோருக்கும் விதியை மாற்றினால் யாரும் கேட்க முடியாது.

சமரசத்தின் அறைக்கு ஓடினேன். "சார், அந்த ஒரு நாள் சலுகை. இப்பவே போட்டுடலாம்."

"காலைல வரைக்கும் சண்டை போட்டியே?"

"மனச மாத்திக்கிட்டேன் சார். சரின்னு சொல்லுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிடுங்கி எறியலாம் போலிருந்தது. சரி என்று அவர் தலையாட்டியபோது ஐந்து ஐம்பத்து நான்கு.

இருக்கைக்கு ஓடி வந்து படிவத்தைத் திறந்தேன். தொடர்ந்து எத்தனை நாள் விடலாம்? ஒன்று. எந்தத் தேதியிலிருந்து? அதை நிரப்பினேனா இல்லையா என்று பார்க்கக்கூட நேரமில்லை. அழுத்திவிட்டேன். ஆறு அடித்தது. அக்காவின் தீவில் விளக்கு எழும்பிச் சுழன்றது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"மேடம், இங்க வாங்களேன்" என்று பக்கத்து இருக்கைப் பெண் கத்தினாள். அவள் திரையில் கடல் முழுக்க விளக்குகள். தேதியை நான் நிரப்பவில்லை. காலியாக விட்டால் விளையாட்டு தொடங்கிய முதல் நாளிலிருந்து என்று அர்த்தம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் விளக்கு எழும்பிவிட்டது.

"நாளைக்குப் பத்து மணி வரைக்கும் வாபஸ் வாங்கலாம். ஆனா சலுகைல வந்தது எல்லாமே போயிடும்" என்றார் சமரசம். "விட்டுடேன். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

காலை எட்டரைக்கு அக்காவின் கட்டிலருகே நின்றேன். பிழைத்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது, விரல் மட்டும் திரையில் ஊர்ந்தது.

"நத்தைக்கும் வெளக்கா?" என்றாள். நத்தை என்பது பக்கத்துத் தீவுக்காரிக்கு அவள் வைத்த பெயர். "ஒருநாள் வந்தா மறுநாள் தூங்கிடுவாளே." சிரிக்கப் பார்த்தாள், தையல் வலித்தது. "யாருடி பண்ணது?"

"நான்தான். உனக்காக."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம்.

"வாபஸ் வாங்கு."

"உன்னோடதும் போயிடும்க்கா."

"என்னோடது நேத்தே போயிருக்கணும்."

வராந்தாவுக்கு வந்து சமரசத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். திரும்பி உள்ளே வந்தபோது அக்கா தீவில்தான் இருந்தாள். விளக்கு இருந்த இடத்தில் வெறும் பாறை. மூலையில் 'நாள் ஒன்று' என்றிருந்தது.

"அடுத்த வருஷம் இதே சமயம்" என்றாள் அக்கா. "நான் வந்துடுவேன். நீ எதையும் தொடாம இரு."