ஒரு கூறைப்பட்டும் இரண்டு சோமசுந்தரங்களும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. இணையத்தில் கடை நடத்தும் நண்பர் ஒருவர் கட்டுரை கேட்டார். போலிப் பெயரில் வரும் வாடிக்கையாளர்களை வியாபாரிகள் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது? பெரிதாகத் தலையாட்டிவிட்டேன். அந்தச் சமாச்சாரத்தில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. கம்ப்யூட்டரே இல்லாத காலத்துக்குப் போய்விட்டால் தப்பிக்கலாம் என்று 1957-க்கு, மலாக்காவின் காஜா பெராங் சாலைக்கு ஓடினேன். அங்கேயும் ஒரு போலி ஆசாமி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான்.

2

முதல் வரி: "மெர்டேக்கா என்ற விடுதலைநாள் நெருங்கிய அந்த ஆகஸ்டில், வீதியெங்கும் கொடிகள்—"

வேண்டாம். எல்லோரும் கொடியில்தான் தொடங்குவார்கள்.

இன்னொன்று: "ஆளைப் பார்த்தே எடைபோடத் தனக்குத் தெரியும் என்று சாரதாம்பாள் நம்பினார்."

இது இருக்கட்டும். சாரதாம்பாள் தபாலில் புடவை விற்பவர். சிரம்பானிலிருந்து வந்து கடை போட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆர்டர் கடிதத்தில் வரும், பணம் மணியார்டரில் வரும், வாங்குபவரின் முகம் மட்டும் வராது. (நண்பரே, கவனிக்கிறீர்களா?) போன மாதம் ஒருவன் ரப்பர்த் தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருடைய அடையாளக் கார்டையே காட்டி, பார்சலை வாங்கிப் போய்விட்டான். அதிலிருந்து, நேரில் வருபவரைக் குடைந்தெடுக்காமல் அவர் எதையும் கொடுப்பதில்லை.

இப்போது அவர் அலமாரியில் ஒரு கூறைப்பட்டு இருக்கிறது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கும் சோமசுந்தரம் என்பவர், காஜா பெராங்கில் நடக்கப்போகும் தங்கை கல்யாணத்துக்காக முழுப் பணமும் கட்டி, நேரில் வந்து வாங்கிக்கொள்வதாக எழுதிக் கேட்டது. கடிதம் அத்தனை அழகான தமிழில் இருந்ததால் சாரதாம்பாள் அதைத் திரும்பவும் ஒருமுறை படித்தார். பட்டு மதராஸிலிருந்து கப்பலில் வந்தது. யாராவது ஏமாற்றி வாங்கிப் போனால், நாளை மணவறையில் அந்தப் பெண் உடுத்த வேறொன்று வராது.

3

காலையில் ஒரு சோமசுந்தரம் வந்தார். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாரோங், பேசியது முழுக்க மலாய். கேள்விகள் புரிந்தன, பதில்தான் தமிழில் வரவில்லை.

"உங்க ஊரு எது?"

"காஜா பெராங்."

"அது இப்ப. அப்பா ஊரு?"

"காஜா பெராங்."

"சரி, தாத்தாவுக்கு?"

"காஜா பெராங் லா!" என்று கத்தினார் அவர். கார்டை எடுத்துப் போட்டார். படத்தில் இருந்தவருக்கு மீசை இருந்தது, எதிரே நின்றவருக்கு இல்லை.

"பேரு தமிழ்ப் பேரு, தமிழ் பேச வராதாம். யாருகிட்ட காது குத்துறீங்க? போங்கய்யா."

மேசையை ஓங்கி அறைந்துவிட்டு அவர் போய்விட்டார்.

* அவர் மலாக்கா செட்டி. முன்னோர் எப்போதோ வணிகத்துக்கு வந்து இங்கேயே தங்கியவர்கள். சாமியும் பெயரும் அப்படியே இருக்க, பேச்சு மலாயாகிவிட்டது. அந்த அழகான கடிதம், உடன் வேலை பார்க்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தது. இதை நான் சாரதாம்பாளின் காதில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் கதை இங்கேயே படுத்துவிடும்.

4

மதியம் இரண்டாவது சோமசுந்தரம் வந்தான். சலவை வேட்டி, கையில் குடை. தெங்கேரா காப்பிக்கடையில் உண்மையானவர் நேற்றுப் பட்டைப் பற்றிப் பெருமையடித்ததை அடுத்த மேசையிலிருந்து கேட்டவன் இவன்.

"பூர்வீகம் மன்னார்குடி பக்கங்க. குலதெய்வம் ஐயனாரு. தாத்தா நாகப்பட்டினத்துல கப்பலேறி வந்தவரு..."

தமிழ் கொட்டியது. சாரதாம்பாள் குளிர்ந்துபோனார். கார்டைக் கேட்கவே மறந்துவிட்டார். தேநீர் வேறு வந்தது.

[இவனை எழுதும்போது எனக்கும் குஷியாக இருந்தது. உண்மையான மனிதருக்கு ஒரே ஓர் ஊரைக் கொடுத்துவிட்டு, இவனுக்கு ஊர், தெய்வம், தாத்தா, கப்பல் என்று அள்ளிக் கொடுத்தேன். இல்லாத ஆளுக்குத்தான் விவரம் நிறைய வேண்டும். தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்.]

பார்சலுக்கு நூல் சுற்றிக்கொண்டே சாரதாம்பாள் கேட்டார்: "இவ்ளோ நோண்டுறேனே, கோவம் வரலியா?"

"சேச்சே, என்ன வேணும்னாலும் கேளுங்க."

நூல் சுற்றிய கை நின்றது. காலையில் வந்தவர் கொதித்தாரே? சொந்தக் காசு, சொந்தத் தங்கையின் கல்யாணம். அதற்கு நடுவில் ஒருத்தி உன் தாத்தா ஊர் எது என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

"கல்யாணப் பட்டு. நானே பொண்ணு கையில குடுத்துடறேன். வீட்டக் காட்டுங்க, போவோம்."

"இந்த வெயில்ல நீங்க எதுக்குங்க?"

"அதான் உங்ககிட்ட குடை இருக்கே."

பண்டார் ஹிலிரில் ஓர் அவசர வேலை, முடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றான். போன வேகத்தில் குடையை விட்டுவிட்டுப் போனான்.

(நண்பரே, உங்கள் கட்டுரை முடிந்தது. ஆளை ஆயிரம் கேள்வி கேட்பதைவிட, பொருளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். கதைதான் முடிய மறுக்கிறது.)

5

விபூதி பூசி மலாய் பேசும் சோமசுந்தரத்தின் வீடு எது என்று சாரதாம்பாள் தெருவில் விசாரித்தார்; செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியைக் கைகாட்டினார்கள். அது அதே சாலையில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. சாரதாம்பாள் ஒருநாளும் உள்ளே போனதில்லை. அதற்காக இப்போது வெட்கப்பட்டார். பந்தல் போட்ட வீடு ஒன்றுதான் இருந்தது. வீட்டார் கோயிலுக்குப் போயிருந்தார்கள், கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் மணப்பெண் கண்ணம்மா எட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம்.

"அபாங் தாக் அடா," என்றாள். அண்ணன் இல்லை. "பெர்கி பாலாய்."

அண்ணன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். ஒரு பெண்பிள்ளை பொய்க்கடை போட்டு, தபாலில் பணம் வாங்கி ஏப்பம் விடுகிறாள் என்று புகார் கொடுக்க. யார் வந்து என்ன சொன்னாலும் கதவைத் திறக்காதே என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சாரதாம்பாள் சொன்னார்: "நான்தான் அந்தக் கடைக்காரி. தப்பு என்மேலதான். பட்டு கொண்டாந்திருக்கேன்."

"அத நான் எப்படி நம்புறது?" என்று மலாயில் கேட்டாள் கண்ணம்மா.



6

முடிவு அ: கதவு திறக்கிறது, இருவரும் கட்டிக்கொண்டு— எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: கதவு திறக்கவில்லை. இரவல் புடவையில் கண்ணம்மா மணவறைக்கு— இதை எழுத மனம் வரவில்லை.

முடிவு இ: சோமசுந்தரம் போலீஸ்காரரோடு வந்து சாரதாம்பாளின் கையைப் பிடித்து— இல்லை, அவர் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டார். ஸ்டேஷனில் அவரிடமும் கார்டு கேட்டு, மீசை எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் எதைச் சொன்னாலும் நீங்கள் நம்பத் தேவையில்லை. இல்லாத ஆட்களுக்குப் பெயர் வைத்துப் பிழைப்பவன் நான். ஆனால், அண்ணன் அவமானப்பட்டு வீடு திரும்பியதைக் கண்ணம்மா பார்த்தாள். வாசலில் நிற்பவரின் கையில் பார்சல் வியர்வையில் நனைவதையும் பார்க்கிறாள். இரண்டையும் அறிந்தவர் அவளைத் தவிர நீங்கள்தான். தாழ்ப்பாளில் விரலை வைத்துக்கொண்டு, உங்கள் பக்கம் திரும்பிக் கேட்கிறாள்:

"புக்கா?"

திறக்கட்டுமா?