உப்புக் குறைந்த கோடு

1

“மாமி, கிணத்து வாளி காய்ஞ்சு கிடக்கே. அப்ப அளக்கத் தந்த இந்தத் தண்ணி?”

“சும்மா கதைக்காத புள்ள. ஊட்டுக்கு வாற உங்களுக்கு உப்புத் தண்ணியத் தாறதா? இது சபை அனுப்புற பவுசர் வண்டியில புடிச்ச நல்ல தண்ணி.”

இந்தக் கதை எனக்கு இப்படிப் பாதியில்தான் கிடைத்தது. கேட்டவள் ஸில்மியா, பதினோராம் வகுப்பு. பதில் சொன்னவர் கல்முனைக் கடற்கரை ஒழுங்கையில் வசிக்கும் ஜெஸீமா. வாசல் படலையடியில் திகைத்து நின்றவர் விஞ்ஞான ஆசிரியர் றாஸிக். அவருடைய கெட்டிக்கார மாணவர்கள், ஸில்மியாவோடு ஆறு பேர், ஊருக்குப் பயன்படட்டும் என்று, இரண்டு வருடமாக அந்த ஒழுங்கையின் பத்தொன்பது கிணறுகளிலும் உப்பை அளந்தார்கள். மாநகர சபைக்கு அறிக்கையும் கொடுத்தாயிற்று. இன்று வந்தது நன்றி சொல்ல. கடைசியாக ஒருமுறை அளக்க.

(முதலில் எழுதியது: ‘கடல் அன்று பேரிரைச்சலோடு’. விட்டுவிட்டேன். இந்தக் கதையில் கடல் சத்தமே போடவில்லை, மண்ணுக்கடியால் வந்துகொண்டிருக்கிறது.)

2

முதல் பிரதியில் றாஸிக்கைக் கோபப்பட வைத்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. படலையடியிலேயே குந்தி, பதிவுக் கொப்பியைப் பிரித்தார்.

கிணறுகள் வீட்டுக்குப் பின்னால், பெண்கள் புழங்கும் பக்கம். அளக்க வரும் பையன்கள் படலையில் நிற்பார்கள். அளக்க வேண்டிய தண்ணீர் வாளியில் உள்ளேயிருந்து வரும். மரியாதைக்காக யாரும் எட்டிப் பார்த்ததில்லை. வரைபடம் கீறும் ஸில்மியா இன்றுதான் முதல்முறை உள்ளே போனாள்.

கொப்பியின் ஓரத்தில் பையன்களின் கிறுக்கல்: ‘மூன்றாம் வீடு, தேத்தண்ணி தந்தார்கள்.’ அந்த மாதம்தான் வரைபடத்தில் அந்த வீட்டு உப்புக் கோடு இறங்கியிருந்தது. ‘ஏழாம் வீடு, வட்டிலப்பம்!’ அங்கேயும் இறக்கம்.

“சேர், எங்களப் புடிச்சுப் போன ஊடெல்லாம் உப்புக் குறைஞ்சிரிக்கி,” என்றாள் ஸில்மியா.

றாஸிக்குக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றது. ‘கிணறுகள் தேறிவிட்டன’ என்றல்லவா அறிக்கை சொல்கிறது? திங்கட்கிழமை சபைக் கூட்டம். அதை நம்பினார்களென்றால் இந்த ஒழுங்கைக்குப் பவுசர் வராது.

3

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் றாஸிக் பிழையை ஒப்புக்கொண்டு, இந்த ஆய்வுக்குக் கிடைத்த மாகாணப் பதக்கத்தைத் திருப்பி (வேண்டாம், பதக்கத்தைப் பிள்ளைகளே மறந்துவிட்டார்கள்). மற்றதில் அவர் பேசாமலிருந்து, பவுசர் நின்ற பிறகு

முடிக்க முடியவில்லை.

றாஸிக் பேனையை எடுத்து, ‘அளந்தது கிணற்று நீரையல்ல; வீட்டார் தந்தது’ என்று எழுதி நிறுத்தினார். அடுத்த சொல் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஜெஸீமா தோளுக்கு மேலால் அதை வாசித்திருக்க வேண்டும்.

“சேர், பவுசர நிப்பாட்டாம எழுதுங்க. ஆனா நாங்க புள்ளையள ஏமாத்தினண்டு ஒருத்தரும் நினைக்காம எழுதித் தாங்களேன்.”